கண்ணாடிச் சுவரும் ஒரு கொண்டை ஊசியும்



நான் பணியாற்றும் கிராமத்தின் மாதர் சங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் சிகிரியாவுக்குச் சுற்றுலா போனோம். 38 பெண்கள். அதிகாலை 3 மணிக்கு பஸ் புறப்பட்டது. என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு 61 வயது. "புள்ள, நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டதெண்டா ஆசுபத்திரிக்கும் கோயிலுக்கும்தான். சும்மா பார்க்கிறதுக்கெண்டு ஒரு இடத்துக்குப் போறது இதுதான் முதல்தரம்" என்றார். மகனிடம் அனுமதி கேட்க அவருக்கு இரண்டு கிழமை எடுத்ததாம்.

சிகிரியா கி.பி. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் தலைநகரமாக்கிய குன்று. 1982 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. உச்சிக்கு ஏறச் சுமார் 1200 படிகள். சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருந்து இருந்து ஏறினோம். நடுவழியில் பாறைக் குகையில் தீட்டிய பெண்களின் ஓவியங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு இறங்கினால் நீண்ட சுவர் ஒன்று வரும். சுண்ணச்சாந்து பூசி, முகம் தெரியும்படி மினுக்கியிருந்ததால் அதற்குக் கண்ணாடிச் சுவர் என்று பெயர்.

அந்தச் சுவரிலே பழைய காலத்துப் பயணிகள் கவிதைகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685 ஐ வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. எழுதியவர்களில் பிக்குகளும் படைவீரர்களும் உண்டு, பெண்களும் உண்டு. நான் இதைச் சொன்னதும் எங்கள் பெண்கள் நின்றுவிட்டார்கள். "ஆயிரம் வருசத்துக்கு முதல் பொம்பிளையள் இஞ்ச வந்து, எழுதியும் வைச்சிருக்கிறாங்களோ?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அப்போதுதான் எங்களோடு வந்த இளம் தங்கை ஒருத்தி தலையிலிருந்து கொண்டை ஊசியைக் கழற்றினாள். "நானும் என்ர பேரை எழுதட்டா மிஸ்?" நான் அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டேன். என் நெஞ்சு படபடத்தது.

காரணம் இருக்கிறது. 2015 இல் சுற்றுலா வந்த ஓர் இளம் பெண் இதே சுவரில் தன் பெயரைக் கீறியதற்காக இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றாள். சிறையில் இருந்த பின்னரே ஜனாதிபதியின் மன்னிப்பினால் விடுதலையானாள். தொல்பொருட்களுக்குச் சேதம் விளைவிப்பது சட்டப்படி குற்றம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

"அவை எழுதினது பொக்கிசம், நாங்கள் எழுதினாக் குற்றமோ?" என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்துச் சாதாரண மனிதர் எப்படிப் பேசினர், எதை ரசித்தனர் என்பதற்கு அந்த எழுத்துகள் சாட்சி. நாங்கள் புதிதாக ஒரு கோடு கீறினால் பழைய எழுத்து ஒன்று அழியும். அழிந்தால் திரும்ப வராது. அது ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்த ஒரு பெண்ணின் எழுத்தாகவும் இருக்கலாம் என்றேன். அவள் பேசாமல் ஊசியைத் தலையில் செருகிக்கொண்டாள்.

ஆனால் பிழை அவளுடையதா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் எண்ணுவதற்கு மூன்று கூட்டம் வைத்த நான், போகும் இடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவில்லை. பெண்களுக்குச் சுற்றுலா என்றால் பொழுதுபோக்குத்தானே என்று நானும் நினைத்திருக்கிறேன். சமூகவியல் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை.

சகோதரிகளே, உங்கள் சங்கமும் இப்படிப் புறப்படுவதாயின் முதல் கூட்டத்திலேயே அந்த இடத்தின் கதையைப் பேசுங்கள். எதைத் தொடக்கூடாது, எங்கே படம் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்குங்கள். குன்றில் குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போடாதீர்கள். ஏற முடியாதவர்களை வற்புறுத்தாதீர்கள். அடிவாரத்து நீர்ப் பூங்காவும் பார்க்கத் தக்கதே.

திரும்பும்போது பஸ்ஸில் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தேன். விரும்பியவர்கள் எழுதினார்கள். அந்த அம்மாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அந்தத் தங்கைதான் எழுதினாள். கடைசியில், "என்ர பேரையும் போடு. இன்னாரிட அம்மா எண்டு போடாத, என்ர பேரைப் போடு" என்றார்.

அந்தக் கொப்பி இப்போது சங்கத்து அலுமாரியில் இருக்கிறது.