மறு ஆட்டம் இல்லாத கிண்ணம்

பத்திரிகையில் எத்தனையோ உதைபந்தாட்டப் படங்களைப் பார்த்துவிட்டேன். மனதைவிட்டு அகலாதது ஒன்றுதான். சேறாகிக் கிடக்கும் மைதானம். கைகளை உயர்த்தியபடி ஓடும் ஒரு வீரர். அவரை நோக்கிப் பாய்ந்து வரும் சிறுவர் கூட்டம். 1972 பெப்ரவரி 5 ஆம் திகதி, இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் நகரில், எஃப்.ஏ. கிண்ணப் போட்டியின்போது எடுக்கப்பட்டது அது. ஓடுபவர் ரொனி ரட்ஃபோர்ட், தொழிலால் தச்சர். அவரது கழகம் நாட்டின் லீக் அணிகளுள் ஒன்றல்ல. எதிரணியோ முதற்பிரிவு நியூகாசில் யுனைற்றட். அவர் தொலைவிலிருந்து அடித்த கோல் ஆட்டத்தைச் சமன்செய்தது. மேலதிக நேரத்தில் ரிக்கி ஜோர்ஜின் கோலால் ஹெரிஃபோர்ட் 2-1 என வென்றது.

பலர் மறந்துவிடுவது, அது மறு ஆட்டம் என்பதை. நியூகாசிலில் நடந்த முதல் ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்திருந்தது. இன்றைய விதிப்படி எல்லாம் அங்கேயே, அன்றே தீர்ந்திருக்கும். முதலாம் சுற்றிலிருந்து மறு ஆட்டம் என்பதே 2024-25 பருவகாலத்தோடு இல்லாமற் போய்விட்டது.

பெரிய கழகங்களுக்கு ஆட்டங்கள் அதிகம் என்கிறார்கள். பொய்யல்ல. ஆனால் அந்தச் சுமை இறக்கப்பட்டது சிறியவர்களின் தலையில். 2005 இல் கடனில் மூழ்கியிருந்த எக்செற்றர் சிற்றி, மன்செஸ்ரர் யுனைற்றட்டை அதன் மைதானத்திலேயே 0-0 என மறித்தது. மறு ஆட்டத்தில் தோற்றது. எனினும் அந்த இரு ஆட்டங்களின் வருமானமே கழகத்தைக் கரைசேர்த்தது.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. நாளேட்டுப் படப்பிடிப்பாளர்கள் சிறிய கழகத்தைத் தேடி வருவது இத்தகைய ஒருநாளில் மட்டுமே. ஏனைய சனிக்கிழமைகளில் கோல் கம்பத்துக்குப் பின்னால் மழையில் நனைபவர், சொந்தக் கமராவுடன் வரும் உள்ளூர் ஆதரவாளர். பெரிய அணியைத் தன் ஊர்ச் சேற்றில் படம்பிடிக்க அவருக்கிருந்த ஒரு வாய்ப்பைத்தான் பறித்திருக்கிறார்கள்.