இருளர் ரத்தம் யாருக்குச் சொந்தம்?

சில வாரங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் போன் செய்தார். மரபணு குறித்து ஆய்வு செய்கிறாராம். "சார், திண்டிவனம் பக்கத்துல இருளர் குடியிருப்பு நிறைய இருக்கே. ஐம்பது பேர்கிட்ட ரத்த சாம்பிள் வேணும். நீங்க சொன்னா குடுப்பாங்க" என்றார்.

நல்ல பையன்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது உண்மை என்பதால்தான் உறுத்துகிறது. சாதிச் சான்றுக்கும் மனைப்பட்டாவுக்கும் பொய் வழக்குக்கும் கூட நின்றவன் சொன்னால் கையை நீட்டிவிடுவார்கள். எதற்கு என்று கேட்க மாட்டார்கள். அதற்குப் பெயர் சம்மதம் அல்ல. அவர்கள் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பழங்குடி மக்களுக்கு அது தேவை. அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். தாய், தகப்பன் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆய்வகத்தில் பார்த்தால்தான் யார் சுமப்பவர் என்று தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்தால் வலியையும் உயிரிழப்பையும் குறைக்க முடியும்.

நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இந்த அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் எழுதிவிட்டார்கள். 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியதோ 2023 ஜூலை 1-இல். இடையில் 71 ஆண்டுகள். ரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். மாதிரி ஆய்வகத்துக்குப் போகிற வேகத்தில் பலன் ஊருக்குத் திரும்புவதில்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. உலகம் முழுவதும் 142 மக்கள் பிரிவுகளைச் சேர்ந்த 300 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2016-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. சைமன்ஸ் அறக்கட்டளையின் திட்டம் அது. அந்தப் பட்டியலில் இருளர் உண்டு. ஆந்திரத்து மாலா, மாதிகா மக்களும் உண்டு. அறிவியலுக்கு இருளரை அடையாளம் காண்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அதே இருளர் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டுப் பழங்குடிச் சான்று கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனால், "நீ இருளர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். சான்று வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. ரத்தம் எடுக்கும்போது இருளர், உரிமை கேட்கும்போது சந்தேகத்துக்குரியவர்!

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்களிடம் 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்குத் தீர்வு கிடைக்கும் என்று நம்பித்தான் மக்கள் கொடுத்தார்கள். பிறகு அதே ரத்தம் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவில் திருமணம், இடப்பெயர்வு ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. தெரிய வந்ததும் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், மாதிரியும் அதிலிருந்து வரும் தகவலும் கொடுத்தவருக்கே சொந்தம், சேமித்து வைக்கும் நிறுவனம் பாதுகாவலர் மட்டுமே என்கின்றன. பழங்குடி மக்களுக்குப் பலன் தரும் ஆய்வாக இருந்தால்தான் அவர்களிடம் செய்யலாம் என்கின்றன. ஊர்த்தலைவரோ சங்கத் தலைவரோ அனுமதி கொடுத்தாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக்காட்டித்தான் கைரேகை வாங்க வேண்டும்.

வேங்கைவயல் வழக்கில் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் தர தலித் மக்களில் சிலர் மறுத்ததை 2023-இல் பார்த்தோம். அது குற்ற வழக்கு, நீதிமன்றம் தலையிட முடியும். ஆய்வில் அந்தக் கட்டாயம்கூடக் கிடையாது. வேண்டாம் என்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்த பிறகும் மனம் மாறலாம்.

எனவே களத்தில் இருக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி யாராவது வருவார்கள். அவர்களை ஊருக்குள் அழைத்துப் போவதற்கு முன்பு கேளுங்கள்: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே? எந்த நோய்க்காக, எந்தக் கேள்விக்காக ரத்தம் எடுக்கிறீர்கள்? மிச்சத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள்? முடிவை எப்போது, யார் வந்து, எந்த மொழியில் சொல்வார்கள்? நோய் இருப்பதாகத் தெரிந்தால் எந்த மருத்துவமனையில் யார் பார்ப்பார்கள்? ஒரு பெண்ணுக்கு அரிவாள் செல் இருக்கிறது என்பது ஊரெல்லாம் தெரிந்து அவள் கல்யாணம் நின்றால் யார் பொறுப்பு?

ஆய்வு மாணவராக இருப்பவர்கள் இதே கேள்விகளை உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். நம் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போக வேண்டும் என்று பாடுபட்டது, மைக்ரோஸ்கோப்பின் அந்தப் பக்கம் இருந்து இதைக் கேட்கவும்தான்.

போன் செய்த மாணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மிச்ச ரத்தம் என்ன ஆகும்னு நானே கேட்டதில்ல சார். கேட்டுட்டுக் கூப்பிடுறேன்" என்றார். கூப்பிட்டால் நிச்சயம் அழைத்துப் போவேன். முதல் நாள் ஊசி இல்லாமல் வர வேண்டும். மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கையை நீட்டுவதா வேண்டாமா என்பதை அதன்பிறகு அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.