எண்ணெய் அல்லாத எண்ணெய்

மோட்டார் வண்டி உள்ள வீடுகளில் பெயரால் ஏமாற்றும் பண்டம் ஒன்று உண்டு. கடைக்காரர் அதைப் "பிரேக் ஆயில்" என்கிறார். மெக்கானிக்கோ சில சமயம் "கிளட்ச் ஆயில்" என்கிறார். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டும் ஒரே புட்டியில் வருவதுதான். ஆனால் அது ஆயிலே அன்று. எண்ணெயானால் தண்ணீரோடு ஒட்டாது. இதுவோ தண்ணீரைக் கண்டால் விடாது. காற்றிலுள்ள ஈரத்தைக்கூட மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். இந்த ஒரு குணத்தை அறிந்துகொண்டால், கிளட்ச் திரவத்தை வீட்டிலேயே மாற்றும் காரியத்தில் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

சென்ற மழைக்காலம் கழிந்த கையோடு எங்கள் மூலக்குளத்தில் ஒரு வீட்டு வண்டிக்கு வியாதி கண்டது. வில்லியனூர் சாலை நெரிசலில் நின்று நின்று போகும்போது கிளட்ச் மிதி பஞ்சுமெத்தையில் கால் வைத்தாற்போல் உள்ளே இறங்கிற்று; கியர் விழ மறுத்து உறுமிற்று. பார்த்த ஒருவர், "கிளட்ச் பிளேட் போய்விட்டது, கியர் பெட்டியை இறக்கவேண்டும்" என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கும் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்; எதற்கும் பதறாதவர். பானெட்டைத் திறந்து, திரவம் இருக்கும் சிறு கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். தேன் நிறத்தில் இருக்கவேண்டியது சுண்டிய கஷாயம்போல் இருந்தது. வண்டி வாங்கிய நாள் முதல் ஆறு வருஷமாக அதை ஒருவரும் தொட்டதில்லை.

கிண்ணத்தில் இருக்கும் இந்தத் திரவம் செய்யும் வேலைதான் என்ன? மிதியை அழுத்தினால் ஒரு சிறு குழாய்க்குள் தண்டு நகர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் மெல்லிய குழாய் வழியே ஓடி, கியர் பெட்டிக்கு அருகிலுள்ள இன்னொரு தண்டைத் தள்ளுகிறது. அது கிளட்சை விடுவிக்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் இது. அவர் எழுதிய நூல் அவர் இறந்த மறு வருஷம், 1663-ல், வெளிவந்தது. எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர் விட்டுப் போனது 1954-ல். அவர்கள் போனதில் நமக்கு வருத்தமில்லை; பாஸ்கலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் இந்த விதியை நெட்டுருப் போட்டு முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அது வாசலில் நிற்கும் வண்டிக்குள்ளேயே இருக்கிறதென்று சொன்னால் மட்டும் நம்பமாட்டேன் என்கிறார்கள்!

திரவம் அழுத்தத்துக்குச் சுருங்குவதில்லை. காற்றோ நீராவியோ சுருங்கும். ஆகவே குழாயில் ஒரு குமிழி புகுந்தால் காலின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே கழிந்துபோகும். இங்கேதான் ஈரத்தின் வஞ்சகம் வெளிப்படுகிறது. "டாட் 3" என்னும் தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். "டாட் 4" ஆனால் 230 டிகிரி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்தத் தரம் கேட்பது முறையே 140-ம் 155-ம்தான். கடற்காற்று வீசும் எங்கள் பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமேது? வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் திரவம் கெடத்தான் செய்யும். அநேகர், "நான் அதிகம் ஓட்டுவதே இல்லையே" என்கிறார்கள். திரவத்துக்கு மைல் கணக்கு தெரியாது; பஞ்சாங்கக் கணக்குத்தான் தெரியும்.

ஆதியில் இதுவும் ஓரளவு எண்ணெயாகத்தான் இருந்தது என்பது வேடிக்கை. மால்கம் லௌகீட் என்ற அமெரிக்கர் 1917-ல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நாளைய திரவங்களில் பல, நம் வீட்டு விளக்கெண்ணெயோடு ஆல்கஹால் கலந்து செய்தவை. காரணம், அக்காலத்து ரப்பர் வாஷர்களை விளக்கெண்ணெய் கெடுக்காது; பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெய் உப்ப வைத்துவிடும். உலகத்தில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் தேசம் நம்முடையதே என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பிறகு கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்து விளக்கெண்ணெயைத் தள்ளிவிட்டன. ஈரம் குடிக்கும் குணத்தால் தொல்லைப்பட்டவர்களும் உண்டு. 1955-ல் வெளிவந்த பிரெஞ்சு வண்டியான சிட்ரோயன் டி.எஸ்.ஸில் பிரேக், கிளட்ச், வண்டியின் உயரம் எல்லாமே திரவத்தால் இயங்கின. உள்ளே துருப்பிடிக்கவே, 1966-ல் ஈரம் குடிக்காத பச்சைநிறத் தாது எண்ணெய்க்கு மாறினார்கள்; அதற்கேற்ற ரப்பரையும் மாற்றினார்கள். ரப்பரை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? "ஆயில்தானே" என்று எஞ்சின் ஆயிலை இந்தக் கிண்ணத்தில் ஊற்றியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வாஷர்கள் உப்பிப் போய், உறுப்புகளையே ஒன்றொன்றாக மாற்றவேண்டி வந்திருக்கும்.

நிற்க. எல்லா வண்டிக்கும் இந்த வேலை இல்லை. மாருதி 800 போன்றவற்றில் கிளட்ச் கேபிளால் இயங்குவது. திரவத்தால் இயங்கும் வண்டியானால் கிண்ணத்தின் மூடியிலேயே எந்தத் தரம் என்று அச்சிட்டிருக்கும். அதையே முத்திரை உடைக்காத புட்டியாக வாங்கவேண்டும். போன வருஷத்து மிச்சம் உதவாது. "டாட் 5" என்பது சிலிகோன். அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. கிளட்சுக்கு மட்டுமானால் கால் லிட்டருக்கு மேல் செலவாவது அபூர்வம்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மேற்சொன்ன வீட்டில் மிதிப்பதற்குக் கல்லூரியில் படிக்கும் மகள் உட்கார்ந்தாள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும்.) கிண்ணத்தின் மூடியைச் சுற்றித் துடைத்து, பழைய திரவத்தை ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, புதியதை மேல்கோடு வரை ஊற்றினார்கள். கியர் பெட்டி அருகே இருக்கும் சிறு நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, அதன் மறுநுனியைப் புதுத் திரவம் சிறிது இருக்கும் புட்டியில் அமிழ்த்தினார் தகப்பனார்.

"அப்பா, மிதிக்கட்டுமா?"

"மிதித்து அப்படியே பிடித்துக்கொள், அம்மா. நான் சொல்லுமட்டும் காலை எடுக்காதே."

மிதி கீழே இருக்கையில் ஸ்பானரால் நிப்பிளைக் கால் திருகு திறப்பது. கறுப்புத் திரவம் வெளியேறியதும் மூடுவது. மூடிய பிறகே காலை எடுப்பது. இந்த வரிசை மாறினால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். மிதி தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடலாம். ஐந்தாறு முறைக்கு ஒரு தரம் கிண்ணத்தைப் பார்த்து நிரப்பவேண்டும்; அது வற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண். இருபது முறைக்குள் திரவம் தெளிந்தது. மிதியும் பழைய கெட்டித்தன்மைக்கு வந்தது. கியர் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

மிதி அப்போதும் இறங்கியிருந்தால் வாஷர் தேய்ந்திருக்கலாம், ஏதேனும் ஓரிடத்தில் ஒழுக்கு இருக்கலாம், பிளேட்டே போயிருக்கவும் கூடும். அது மெக்கானிக்கின் வேலை. இன்னொன்றும் உண்டு. பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே கிண்ணம். கிளட்சில் திரவம் கறுத்து ஈரம் ஏறியிருந்தால் பிரேக் குழாய்களிலும் அதே வயதுள்ள திரவம்தான் கிடக்கிறது. கிளட்ச் ஏமாற்றினால் வண்டி நடுவழியில் நிற்கும். பிரேக் ஏமாற்றினால் நிற்காது. ஆகையால் அதே வாரத்தில் பிரேக் திரவத்தையும் மாற்றவேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் பிரேக்கோடு மின்னணுக் கருவிகளும் பிணைந்திருப்பதால், அதை நம்பிக்கையான பணிமனைக்கு விட்டுவிடுவதே என் அபிப்பிராயம். வீட்டில் செய்யத் தகுந்தது கிளட்ச்.

திரவம் பெயிண்டில் சிந்தினால் அரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

பழைய திரவத்தைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. ஊரின் பெயரிலேயே குளத்தை வைத்துக்கொண்டு, அந்த மண்ணுக்குள் இறங்கும் தண்ணீரில் இதைக் கலக்கலாமா? இது விழுங்கினால் நஞ்சு. கலர் சோடா புட்டியில் ஊற்றி மூலையில் வைப்பது அதைவிட மோசம். நிறத்தைப் பார்த்துக் குழந்தைகள் குடித்துவிடக் கூடும். அது வந்த புட்டியிலேயே திருப்பி ஊற்றி, இறுக மூடி, "பழையது, விஷம்" என்று எழுதி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுக்கவேண்டும். புதிய திரவம் ஊற்றிய கிண்ணத்தின் பக்கத்தில் மாதத்தையும் வருஷத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வண்டியின் கையேடு வேறு தவணை சொல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்து, மழை தொடங்குமுன், மறுபடியும் பானெட்டைத் திறக்கலாம்.