குணமா, கொதிப்பா?



உங்கள் இதழில் வந்த ‘சிரித்து வாழ்ந்தால் இதயம் கெடாது’ என்ற கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 97,253 பெண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் ‘சர்க்குலேஷன்’ மருத்துவ இதழில் வந்தது. நல்லதே நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கு, அப்படி நம்பாதவர்களைவிட இதய நோய் 9 சதவீதமும் இறப்பு 14 சதவீதமும் குறைவு. யாரைக் கண்டாலும் சந்தேகப்பட்டுச் சிடுசிடுப்பவர்களிடம் இறப்பு 16 சதவீதம் அதிகம். ஆனால், நம்பிக்கை குறைந்தவர்களிடம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம், மனச்சோர்வு எல்லாமே கூடுதலாக இருந்தன. அவற்றைக் கழித்த பிறகும் மேலே சொன்ன அளவு வித்தியாசம் மிஞ்சியது என்பது நிஜம். அதை வைத்துக் குணம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

குணத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் மாமியாருக்கு வயது 68. எதற்கெடுத்தாலும் குறை சொல்வார். ஒருநாள் விடியற்காலையில் கிரைண்டரைக் கழுவிக்கொண்டே, “தாடை வலிக்குது, முதுகைப் பிடிக்குது” என்றார். “காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?” என்றபடி ஓமவாட்டர் கொடுத்துப் படுக்கவைத்தது நான்தான். மதியம் புடவை நனையும் அளவுக்கு வியர்த்த பிறகே ஈசிஜி எடுத்தோம். மாரடைப்பு! பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலேயே தாடைவலி, மூச்சிரைப்பு, அசதி என்று வரலாமாம்.

பிழைத்துவிட்டார். இப்போது உப்பில்லாத ரசத்தைக் குறை சொல்கிறார். சிரிக்கச் சொல்லி ஒன்றரைப் பக்கம் எழுதியவர், இந்த அறிகுறிகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

– ஒரு வாசகி, கும்பகோணம்