ஒரே லைசென்சு! இரண்டு லாரி!

ஐரோப்பாவில் நெடுந்தூரம் சரக்கு கொண்டு போகும் பெரிய லாரிகள் இரண்டு வகை.

இரண்டையும் ஓட்ட லைசென்சு ஒன்றுதான். ஆனால், ஓட்டும் விதம் ஒன்று அல்ல!

தலை வேறு, உடல் வேறு

முதல் வகை லாரியில் தலை வேறு, உடல் வேறு. இங்கிலாந்தில் இதை "ஆர்டிக்" என்பார்கள்.

என்ஜின் உள்ள தலைப் பகுதியில் சரக்கு ஏற்ற இடம் கிடையாது. அதன் முதுகில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். நீண்ட டிரெய்லரின் முன்பகுதி அந்தத் தட்டின் மேல் உட்காரும். டிரெய்லருக்குப் பின்பக்கம் மட்டும்தான் சக்கரம்.

இரண்டாவது வகையில், முன்னால் போகும் லாரியும் சரக்கு ஏற்றும். அதன் பின்னால் இரும்புத் தண்டு மூலம் ஒரு டிரெய்லர் பூட்டப்பட்டிருக்கும். டிராக்டர் டிரெய்லரை இழுப்பது போல!

எது லாபம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ம் ஆண்டு விதிப்படி, முதல் வகையின் நீளம் 16.5 மீட்டர். இரண்டாவது வகை 18.75 மீட்டர் வரை இருக்கலாம்.

சரக்கு அடுக்கும் மரப் பலகைகள் முதல் வகையில் 33 பிடிக்கும். இரண்டாவது வகையில் 38 வரை பிடிக்கும்.

பஞ்சு போன்ற லேசான சரக்குக்கு இரண்டாவது வகை லாபம். இரும்பு போன்ற கனமான சரக்குக்கு அந்த லாபம் இல்லை. ஏனென்றால், எடை வரம்பு இரண்டுக்கும் பொதுவாக 40 டன்தான்.

முதல் வகையில் வேறு வசதி உண்டு. டிரெய்லரைக் கழற்றி, காலூன்றி நிறுத்திவிடலாம். சரக்கு இறக்குவதற்குள் தலைப் பகுதி வேறு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்விடும்!

கை ஏமாறும்

முன்னால் போகும்போது இரண்டாவது வகை திருப்பங்களில் நன்றாகவே வளையும். முதல் வகையில்தான் நீண்ட டிரெய்லர் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் சைக்கிளில் போகிறவருக்கு அது ஆபத்து.

பின்னால் எடுக்கும்போதுதான் சோதனை!

முதல் வகையில் மடங்கும் இடம் ஒன்று. டிரெய்லர் இடது பக்கம் போக, ஸ்டியரிங்கை முதலில் வலது பக்கம் திருப்ப வேண்டும்.

இரண்டாவது வகையில், முன் சக்கரமும் தண்டோடு திரும்பும் டிரெய்லர் என்றால், மடங்கும் இடம் இரண்டு. அங்கே இடது பக்கம் போக, முதலில் இடது பக்கமே திருப்ப வேண்டும். கொஞ்சம் தவறினாலும் டிரெய்லர் கோணிக்கொள்ளும்.

ஒன்றில் பழகிய கை, மற்றொன்றில் ஏமாந்து போகும்!

பயிற்சி வேண்டும்

லைசென்சு பரீட்சைக்கு இந்த இரண்டில் எதைக் கொண்டுபோனாலும் செல்லும். ஒன்றில் தேறியவர், மற்றொன்றைத் தொட்டே பாராமல் மறுநாளே ஓட்டலாம். சட்டம் தடுக்காது.

இதற்காக இரண்டு லைசென்சு தேவையா? தேவை இல்லை. சாலை விதியும், பிரேக்கும், சரக்கைக் கட்டும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். தேவைப்படுவது கைப்பழக்கம்.

"தேறியவருக்கு மறுபடியும் பயிற்சியா? வீண் செலவு" என்று முதலாளிகள் நினைக்கலாம். அது தவறு. காலி மைதானத்தில் சில நாள் பழக்குவதற்கு ஆகும் செலவு, நசுங்கிய டிரெய்லருக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. பின்னால் ஆள் நின்றிருந்தால், போன உயிருக்கு விலை ஏது?

லைசென்சு கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. பழக்கிவிட்டு வண்டியைக் கொடுப்பது முதலாளியின் கடமை!