குடியரசுத் தலைவர் மாளிகை: குழந்தைகளுக்கு எதைச் சொல்ல வேண்டும்?

அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் எத்தனை அடி? திருவண்ணாமலைப் பிள்ளைகள் 217 என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். டெல்லியில் உள்ள குடியரசுத் தலைவர் மாளிகையையும் ‘340 அறைகள்’ என்று எண்ணிலேயே சொல்லி முடித்துவிடலாம். ஆனால், அங்கே குடியிருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்கான கதை.

1948-ல் கவர்னர் ஜெனரலாக அங்கே போன ராஜாஜி, வைஸ்ராயின் பிரமாண்டமான படுக்கையறை வேண்டாம் என்று சிறிய அறைக்கு மாறினார். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. மாளிகை நிலத்தில் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார். 2006-ல் அப்துல் கலாமின் உறவினர்கள் வந்து தங்கினார்கள். அதற்கான செலவு சுமார் 3.5 லட்சம் ரூபாயைக் கலாமே கட்டினார் என்று அவருடைய செயலாளர் பி.எம். நாயர் பதிவு செய்திருக்கிறார்.

“அவர் வீடுதானே, எதுக்குப் பணம் கட்டணும்?” என்று ஒரு குழந்தை கேட்கும். “இல்லப்பா, அது மக்களோட வீடு. அவர் அஞ்சு வருஷம் குடியிருக்க வந்தவர்” என்பதுதான் பதில். குடியரசு என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

இப்படிப்பட்ட கதைகள் எளிய தமிழில், படங்களோடு சின்னப் புத்தகங்களாக வர வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் இதைக் கையில் எடுத்தால், திருவண்ணாமலையின் கடைக்கோடி அரசுப் பள்ளிக்கும் அவை போய்ச் சேரும்.