பத்துப் பெற்ற பாட்டி

சென்ற மாதம் ஒரு வளைகாப்பு வைபவத்தில், பந்தியில் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்த பெரியவர், வங்கியொன்றில் உயர்ந்த உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எலுமிச்சைச் சாதத்துக்கும் தேங்காய்ச் சாதத்துக்கும் இடைப்பட்ட சொற்ப அவகாசத்தில், தேசம் எதனால் கெட்டுப்போயிற்று என்பதை எனக்கு விளக்கியருளினார். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கிறதாம், சத்துமாவு கொடுக்கிறதாம், பிள்ளை பெற்றவளைப் பார்க்க நர்ஸ் வீடு தேடிப் போகிறாளாம், பால்வாடியில் மாதாமாதம் குழந்தையைத் தராசில் போட்டு நிறுக்கிறார்களாம். “எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், ஸார்! எந்த நர்ஸ் வந்தாள்? எவன் மாவு கொடுத்தான்? எல்லாம் தானாக வளரவில்லையா?” என்று கேட்டுவிட்டு, பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு இன்னும் ஓர் அப்பளம் வாங்கிக்கொண்டார்.

இந்தப் பத்துப் பெற்ற பாட்டியை நான் பல ஊர்ப் பந்திகளில் சந்தித்திருக்கிறேன். இரயிலிலும் சந்தித்திருக்கிறேன், இப்போதெல்லாம் கைப்பேசியிலும், மஞ்சள் பூசிய முகத்தோடும் நெற்றி நிறையக் குங்குமத்தோடும், காலை வணக்கத்துக்குக் கீழே வந்து நிற்கிறாள். அவள் பெற்ற எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிற பேரப்பிள்ளைகள் எவரும் அதற்கடுத்த கேள்விக்கு இடம் வைப்பதில்லையாகையால், நான் அதை வாய்விட்டே கேட்டேன்: பத்தில் எத்தனை தங்கிற்று? பெரியவர் விரல் மடக்கிப் பார்த்து, “ஆறு. மற்றதெல்லாம் சின்னதிலேயே போய்விட்டது” என்றார், மாம்பழக் கூடையில் நாலு அழுகிப்போனதைச் சொல்லுகிற குரலில்.

கும்பகோணத்துக் கோமளத்தம்மாளின் கதையை அவருக்கு அப்போதே சொல்லியிருப்பேன். பாயசம் வந்துவிட்டபடியால் அவர் கவனம் அதில் திரும்பிவிட்டது. ஆகவே இங்கே சொல்லுகிறேன். கணித மேதை இராமானுஜனைப் பெற்ற புண்ணியவதி அவள். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய் வீட்டில், தலைப்பிள்ளையைப் பெற்றாள். அவனுக்கு ஒன்றரை வயதாகும்போது சடகோபன் பிறந்தான்; மூன்று மாதம் நிரம்புமுன்னே இறந்தான். 1889 டிசம்பரில் தலைப்பிள்ளைக்கே வைசூரி கண்டது. அந்தக் கொடிய பருவத்தில் தஞ்சை ஜில்லாவில் சுமார் நாலாயிரம் பேரைக் கொண்டுபோன அந்த நோய், என்ன காரணத்தாலோ இவனை முகத்தில் தழும்போடு விட்டுப்போயிற்று. 1891-இல் ஒன்று, 1894-இல் ஒன்று, இரண்டும் ஓராண்டு நிறைவைக் காணவில்லை. அதன் பிறகு பிறந்த இரு பையன்கள் தங்கினார்கள். ஆக, ஆறு பெற்று மூன்றைப் பறிகொடுத்தவள் கோமளத்தம்மாள்.

இவள் அசடா? கோவிலில் பஜனை பாடியவள். ஜாதகம் பார்க்கத் தெரிந்தவள். ஜவுளிக்கடைக் கணக்கெழுதிக் கணவர் கொண்டுவந்த சொற்பச் சம்பளத்தில், மாணாக்கர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டுக் குடும்பத்தை நிமிர்த்தியவள். பிள்ளையின் படிப்பு விஷயத்தில் ஊரோடும் பள்ளிக்கூடத்தோடும் மல்லுக்கு நின்றவள். நாமகிரித் தாயாரிடம் அவள் வைத்திருந்த பக்தியோ பிரசித்தமானது. அன்பிலும் அறிவிலும் ஆஸ்திகத்திலும் குறைவில்லாத ஸ்திரீயொருத்தி, சாரங்கபாணி சந்நிதித் தெருவில், அக்கம்பக்கத்துப் பாட்டிமார்கள் அத்தனை பேருடைய அனுபோக ஞானமும் கூப்பிடு தூரத்திலிருக்க, பெற்றதில் பாதியை இழந்தாள். “எல்லாம் தானாக வளரவில்லையா?” என்று கேட்கிற பேர்வழிகள் அந்தத் தெருவிலே போய்க் கேட்கட்டும்.

இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. பந்தியில் உட்கார்ந்து பாட்டியின் பெருமையைப் பேச முடிகிறவன் பிழைத்த பிள்ளையின் பேரன். போன நாலு பிள்ளைகளுக்குப் பேரன்மார் இல்லை. அவர்கள் தரப்பில் சாட்சி சொல்ல ஓர் இலை கூடப் போடப்படுவதில்லை. பிள்ளை பெறும்போதே கண்மூடிய பாட்டியின் படம் கைப்பேசியில் வருவதில்லை. அவள் இடத்துக்கு இரண்டாந்தாரமாக வந்தவளைத்தான் நாம் பாட்டி என்று கும்பிடுகிறோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் பெண்களைப் பார்க்க வேண்டுமென்று ஐடா ஸ்கடரை அழைத்ததும், அவரோ அப்போது வைத்தியம் படிக்காத இளம்பெண்ணாகையால், வைத்தியரான தம் தந்தையார் வருவாரென்று சொல்ல, அந்நிய ஆடவன் தொடக்கூடாதென்று மூவரும் திரும்பிப்போனதும், பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டதும், அந்தத் துக்கமே பிற்காலத்தில் வேலூர் ஆஸ்பத்திரியாக எழுந்ததும் நாடறிந்த சரித்திரம். அவர்களும் பாட்டிகளாக வேண்டியவர்கள்தாம்.

பாட்டிக்கு ஒன்றும் தெரியாதென்று நான் சொல்லவில்லை. பல தெரியும். பிறந்த சிசுவின் நாக்கில் யார் சேனை வைக்கிறார்களோ அவர்களுடைய குணமே பிள்ளைக்கு வருமென்று தெரியும். ஆகையினால் நல்ல குணமுள்ள ஒருவரைத் தேடிப்பிடித்துச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்கத் தெரியும். முதல் மூன்று நாள் சுரக்கும் சீம்பால் கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டத் தெரியும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாதென்று நாவறள வைக்கத் தெரியும். பிள்ளைக்குத் தெம்பு வரக் கழுதைப்பால் புகட்டத் தெரியும். இவ்வளவும் தெரிந்த மகானுபாவிகள் நிறைந்த தேசத்தில், சுதந்திரம் வந்ததை ஒட்டிய பத்தாண்டுகளில் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷமாக இருந்தது என்பதைப் பெரியவர்கள் ஏனோ காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்புவதில்லை.

மேலூருக்கு வடக்கே ஒரு கிராமத்துப் பால்வாடியில் நான் கண்ணாரக் கண்டதைச் சொல்லுகிறேன். தூலத்திலிருந்து தொங்கிய தராசுக் கொக்கியில் துணிப்பையை மாட்டி, அதில் ஒன்றரை வயதுப் பையனொருவனை இறக்கிவிட்டார்கள். கால் இரண்டும் பைக்கு வெளியே உதைத்துக்கொண்டிருக்க, முள் ஆடி நிற்கும்வரை டீச்சர் அவன் கன்னத்தில் கைவைத்துப் பேச்சுக் கொடுத்தாள். பிறகு அட்டையில் ஒரு புள்ளி வைத்தாள். சென்ற மாதத்துப் புள்ளியும் இந்த மாதத்துப் புள்ளியும் ஒரே மட்டத்தில் நின்றன. அதற்கு முந்திய மாதத்துப் புள்ளியும் கிட்டத்தட்ட அங்கேதான். பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தாய்க்கும் தெரியவில்லை. “நல்லாத்தானே விளையாடுறான், டீச்சர்” என்றாள். கூட வந்திருந்த அப்பத்தா இன்னும் உறுதியாக, “அவுக அப்பனும் சின்னதுல இப்படித்தான் ஒடிசலா இருந்தான்” என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டாள். டீச்சர் மட்டும் விடவில்லை; பேதி கண்டதா, என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை வேளை கொடுக்கிறீர்கள், கஞ்சியைத் தண்ணீராகக் கரைக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள்; இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு என்பதும், அதற்காகச் சோற்றை நிறுத்திவிட்டார்கள் என்பதும், நிறுத்தச் சொன்னது அப்பத்தாதான் என்பதும் மெள்ள மெள்ள வெளிவந்தன. தாயின் கண்ணுக்கும் பாட்டியின் அனுபவத்துக்கும் எட்டாத க்ஷீணத்தை ஒரு பென்சில் புள்ளி காட்டிவிட்டது. கோமளத்தம்மாளின் வீட்டுத் தூலத்தில் அப்படியொரு தராசு தொங்கவில்லை.

இந்தத் தராசுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1975 அக்டோபர் 2-ந் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. 1980-இல், உலக வங்கிக் கடனைக் கொண்டு, மதுரை ஜில்லாவில் ஆரம்பித்த தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டமோ ஒரு படி மேலே போயிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மாத்திரம் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்து, எடை ஏறியதும் நிறுத்திவிட்டு, தாய்க்கு வீட்டிலே என்ன செய்யவேண்டுமென்று சொல்லிக்கொடுத்தார்கள். உட்கார்ந்து தின்கிற சோம்பேறிகளை உற்பத்தி செய்வதாகச் சொல்லப்படும் திட்டத்தின் லட்சணம் இது! உருண்டை தின்றவர்கள் மூன்று வயதுகூட நிரம்பாத சிசுக்கள். அவர்கள் உருண்டை தின்னாதிருந்தால் எந்த ஆபீசுக்கு உழைக்கப் போயிருப்பார்கள் என்பதைப் பெரியவர்தாம் சொல்லவேண்டும்.

பணம் கொடுக்கிற கதையும் அப்படியே. 1987-இல் முந்நூறு ரூபாயாகத் தொடங்கி இன்று பதினெட்டாயிரமாக வளர்ந்திருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை, கையை நீட்டினவுடன் விழுகிற பிச்சையல்ல. பன்னிரண்டு வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிந்து பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு நம்பர் வாங்கவேண்டும்; பரிசோதனைகளுக்குப் போகவேண்டும்; சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவிக்க வேண்டும்; பிள்ளைக்குத் தடுப்பூசி போடவேண்டும்; அதது நடக்க நடக்கத் தவணை வரும். அதாவது, பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மனமில்லாத மாமியாரையும் புருஷனையும் மசியவைக்கச் சர்க்கார் கொடுக்கிற விலை அது. இந்த மாகாணத்தில் 1971-இல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டுக்குள் இறந்தன. 2020-இல் இறந்தவை 13. இந்த வித்தியாசத்தை எந்தப் பாட்டியின் கஷாயம் செய்ததென்று கேட்டால், “காலம் மாறிப்போச்சு, ஸார்” என்பார்கள். காலம் தானாக மாறுமாம். கோமளத்தம்மாளுக்கு மட்டும் மாறாமல் நின்றுவிட்டது, பாவம்.

இன்னும் ஒரு விசித்திரம். அன்றைய வளைகாப்பு நாயகி அந்தப் பெரியவருக்கு மருமகள் முறை. அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன், போலிக் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இன்னது சாப்பிடு என்று சொல்லச் சம்பளம் வாங்குகிற ஓர் அம்மாள், இத்தனைக்கும் பணம் கட்ட அவள் கம்பெனியின் இன்சூரன்ஸ். பிள்ளை பிறந்தால் இரண்டு வயதிலே பிளே ஸ்கூல். அவருடைய சொந்த வைத்தியச் செலவையோ வங்கியே பாதி ஏற்கிறது. இவற்றுக்கெல்லாம் பெயர் முன்ஜாக்கிரதை. இதையே குடிசையிலுள்ள பெண்ணுக்குச் செய்தால் பெயர் இலவசம். பத்துப் பெற்ற பாட்டியின் பெருமை ஏழைகள் வீட்டுக்குப் போகும்போது மாத்திரம் எடுத்துக் கட்டிக்கொள்ளும் பட்டுப்புடவைபோலும். உண்மையாகவே பாட்டியிடம் நம்பிக்கையுள்ளவர் தம் மருமகளைக் கூடத்து மூலையில் பாய் போட்டுக் கிடத்தி, பத்தில் ஆறு என்ற கணக்கை ஏற்றுக்கொள்ளட்டும்.

“சோறு போட்டால் போதாதா, விளையாடக்கூடவா சர்க்கார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?” என்று பரிகசிப்பவர்களும் உண்டு. ஜமைக்காத் தீவில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பேட்டைகளில் 1986-87-இல், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்து, அவர்களில் சிலருடைய வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம், இரண்டு வருஷம், சுகாதாரப் பணிப்பெண்ணை அனுப்பினார்கள். அவள் செய்ததெல்லாம், வீட்டிலே வீசியெறிகிற பொருள்களில் விளையாட்டுச் சாமான் செய்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவதென்று தாய்க்குக் காட்டியதுதான். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அப்படி விளையாடிய குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களுடையதைவிட நூற்றுக்கு இருபத்தைந்து அதிகமாயிருந்தது. பால்மாவு மட்டும் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடத்தில் அந்தப் பலன் காணப்படவில்லை. வட்டி கணக்குப் பார்த்தே ஆயுளைக் கழித்த வங்கிக்காரருக்கு இதைவிட நல்ல முதலீட்டை நான் எங்கே போய்க் காட்டுவேன்?

சர்க்காரை நான் புகழ வந்தேனென்று எவரும் எண்ணவேண்டாம். உதவித்தொகைக்கு அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்று, தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டுமென்பது. பதினேழில் தாலி கட்டி அனுப்பியவன் தகப்பன்; தண்டனையோ அவள் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு. எவளுக்கு அபாயம் அதிகமோ அவளை வாசலிலேயே நிறுத்துகிற இந்த நியாயத்தை எந்தத் தர்மசாஸ்திரத்தில் கண்டெடுத்தார்களோ! கர்ப்பிணிக்குச் சத்துப் பெட்டகம் கொடுத்தால் பெட்டகத்தின் மேல் படம்; மாவு கொடுத்தால் பையின் மேல் படம்; எந்தக் கட்சி ஆண்டாலும் படம். தன் ஆயுளையெல்லாம் ஸ்திரீகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முகத்தை அந்தப் பைகளில் நான் தேடித் தேடி அலுத்துப்போனேன்.

எல்லாவற்றிலும் எனக்கு ஆத்திரம் பொங்குவது அந்தத் தராசு பிடிக்கிற டீச்சர்களை நடத்துகிற விதத்தில்தான். தேசமெங்கும் அவர்கள் வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயர் வைக்கக்கூட மத்திய சர்க்காருக்கு மனம் வரவில்லை, மதிப்பூதியமாம். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டென்று 2022-இல் உச்சநீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. இத்தனை போதாதென்று, 2021 முதல் போஷண் டிராக்கர் என்றொரு செயலியைக் கையில் கொடுத்து, வந்த குழந்தை, தின்ற குழந்தை, நிறுத்த குழந்தை எல்லாவற்றையும் அதில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்த அந்தப் பால்வாடியில் சிக்னல் கிடையாது. டீச்சர் கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரைவரை நடந்து, அங்கே வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொரு பெயராக ஏற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னும் ஐந்தாறு தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறுப்பதற்குக் காத்திருந்தார்கள், அவர்களில் இருவர் களையெடுக்க நேரமாயிற்றென்று நிறுக்காமலே எழுந்து போய்விட்டார்கள்.